ஓ.எம்.ஆர்.: ஆறு வழிச் சாலை இருந்தும் வழியில்லாத ஊர்

கைபேசியில் சென்னை வரைபடத்தைத் திறந்து முதலில் தி.நகரைப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம் அதே அளவில் அப்படியே இழுத்துக்கொண்டு தெற்கே நாவலூர், படூர் பக்கம் போங்கள். தி.நகரில் தெருவும் தெருவும் வெட்டிக்கொண்டே போகும், எந்த முனையில் நின்றாலும் மூன்று நான்கு பக்கம் திரும்பலாம். படூரில் நடுவே தடித்த கோடாக ராஜீவ் காந்தி சாலை, அதாவது எல்லோரும் சொல்கிற ஓ.எம்.ஆர்.; அதிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள் கிளம்பி, கொஞ்ச தூரம் போய், எதிலும் சேராமல் நின்றுவிடும். பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு தேடினால் அநேகமாக இருக்காது.

ஓ.எம்.ஆர். நெரிசல் என்றாலே சாலை அகலம் போதவில்லை, சிக்னல் சரியில்லை, மெட்ரோ வேலை நடக்கிறது, ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விடுகிறார்கள் என்றுதான் பேச்சு ஓடும். எல்லாம் உண்மைதான், ஆனால் எல்லாம் இரண்டாம் பட்சம். பெரிய சாலைக்குப் பின்னால் இன்னொரு சாலை இல்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு. அது தானாக வந்த கோளாறும் இல்லை. லேஅவுட் லேஅவுட்டாக, மதில் மதிலாக, பெரும்பாலும் முறையாக அப்ரூவல் வாங்கியே அதை உண்டாக்கியிருக்கிறோம்.

இருபது வழி, ஒரு வழி

தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும் ஊரில், உங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு கிழக்கே, மூன்று தெரு வடக்கே ஒரு கடை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு அடி கூடச் சுற்றாமல் அங்கே போக 20 வழி உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான், காகிதத்தில் கட்டம் போட்டுச் சரிபார்க்கலாம். ஒரு தெருவில் பந்தல் போட்டு அடைத்தால் வேறு வழியாகப் போவீர்கள், அடைத்ததே உங்களுக்குத் தெரியாமல்கூடப் போகலாம். இதே வீட்டையும் கடையையும் இரண்டு முட்டுச்சந்துகளுக்குள் வைத்தால் வழி ஒன்றே ஒன்று: வெளியே பெரிய சாலைக்கு வா, அதில் ஓட்டு, அடுத்த சந்தில் நுழை. பால் பாக்கெட் வாங்கப் போகிறவரும் பெங்களூருக்குக் கிளம்பும் ஆம்னி பஸ்ஸும் ஒரே சாலையில் நிற்பது இதனால்தான்.

இதை உலக அளவில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டஃபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவை எடுத்து, ஒவ்வொரு முனையிலும் எத்தனை தெரு சேர்கிறது, எத்தனை முனை முட்டுச்சந்து, நேர்த்தூரத்தைவிட சாலைத் தூரம் எவ்வளவு கூடுதல் என்றெல்லாம் சேர்த்து ஒரு குறியீடு உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் புதிதாகப் போடும் தெருக்கள் 1990-களின் நடுப்பகுதியில்தான் மிக மோசமாக இருந்தன, பிறகு கொஞ்சம் தேறத் தொடங்கின என்று 2015-இல் எழுதினார்கள். 2020-இல் வந்த அடுத்த ஆய்வில், உலகத்தின் பெரும்பகுதியில் நிலைமை இன்னும் மோசமாகிக்கொண்டுதான் போகிறது என்றார்கள். அவர்கள் அழுத்திச் சொன்ன விஷயம் ஒன்று நமக்கு முக்கியம்: கட்டடத்தை இடித்துக் கட்டலாம், தெரு அமைப்பு ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். ஐ.நா.வின் ஹாபிடாட் அமைப்பு, நகர நிலத்தில் குறைந்தது 30% தெருவுக்குப் போகவேண்டும், ஒரு சதுர கி.மீ.க்கு 18 கி.மீ. தெரு இருக்கவேண்டும் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஓ.எம்.ஆரின் உட்பகுதிகளை அளக்கப் போனால் மனசுதான் கெடும்.

ஏரியைத் தூர்த்த தி.நகர்

சென்னைக்கு இது தெரியாத வித்தை இல்லை. 1920-இல் மதராஸ் மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது, அந்தப் பத்தாண்டிலேயே மாம்பலம் திட்டம் தொடங்கியது. லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியைத் தூர்த்து எடுத்த நிலத்தில், பனகல் பூங்காவை நடுவில் வைத்து, உஸ்மான் சாலை, வெங்கட்நாராயணா சாலை, ஜி.என். செட்டி சாலை என்று சாலைகளை முதலில் கோடு போட்டுவிட்டு அப்புறம்தான் மனை விற்றார்கள். ஏரியைத் தூர்த்தது பெரிய தப்பு, அதன் விலையை மேற்கு மாம்பலம் ஒவ்வொரு மழைக்கும் கொடுக்கிறது, லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் அங்கே மிச்சம். ஆனால் தெருப் போட்ட முறை சரி.

அண்ணா நகரும் இதே முறைதான். 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம், பிறகு வீட்டு வசதி வாரியம் முதல் அவென்யூ, இரண்டாவது அவென்யூ என்று நீளமான சாலைகளையும் நடுவில் பிளாக்குகளையும் போட்டது. அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். இவற்றில் எதுவும் பெரிய அழகுத் திட்டம் இல்லை. நிலம் முழுக்க ஒரே கையில் இருந்தது, அந்தக் கை முதலில் சாலையைப் போட்டது, அவ்வளவுதான் ரகசியம்.

நாலு அதிகாரம், ஒரு ரோடு

ஓ.எம்.ஆரில் அந்த ஒரே கை இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை என்பது கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று கிராமங்களைக் கோத்துக்கொண்டு போன சின்ன ரோடு. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது, பின்னாலேயே சிறுசேரியில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பூங்கா. மத்திய கைலாஷில் இருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ.க்கு ஆறு வழிச் சாலை 2008-இல் திறக்கப்பட்டது. அந்த நாளில் அது நாட்டுக்கே காட்டும் சாலை, சுங்கம் வசூலித்த சாலை. சாலைக்குப் போட்ட திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அதற்குப் பின்னால் இருந்த கிராம நிலத்துக்குப் போடவில்லை.

நிலம் வேறு கொஞ்சம் வஞ்சகமானது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால்தான் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை. மேற்கே சோழிங்கநல்லூர் பக்கம் வரை பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதற்குத் தெற்கே ஏரி ஏரியாக வரும். இரண்டு பெரிய சாலைகளும் பல கிலோமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலும், பஸ் நம்பித் திரும்பக்கூடிய குறுக்குச் சாலை என்றால் திருவான்மியூர், சோழிங்கநல்லூர்–அக்கரை, கேளம்பாக்கம்–கோவளம் என்று விரல் மடக்கிவிடலாம். நீலாங்கரைக்கும் துரைப்பாக்கத்துக்கும் கால்வாய் மேல் பாலம் என்ற பேச்சை அந்தப் பகுதிக்காரர்கள் எத்தனை வருஷமாகக் கேட்டிருப்பார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். மேற்கே துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் ரோடு, சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் ரோடு, அப்புறம் 10 கி.மீ.க்கு மேல் தள்ளி வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு. நடுவில் இருப்பதெல்லாம் மாட்டுவண்டி காலத்துக் கிராமச் சாலைக்குத் தார் பூசியது.

அதிகாரமும் துண்டு துண்டுதான். 2011-இல் மாநகராட்சியை 426 சதுர கி.மீ.க்குப் பெரிதாக்கியபோது அதன் எல்லை செம்மஞ்சேரியோடு நின்றது, நாவலூரில் காலை வைத்தால் ஊராட்சி. மனைப்பிரிவு அனுமதிக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒரு பக்கம், டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) இன்னொரு பக்கம் என்று இருந்தது. ஓ.எம்.ஆர். சாலை வேறு அமைப்பின் கையில். 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளானுக்கு அடுத்த படி, பகுதி பகுதியாக விரிவான வளர்ச்சித் திட்டம் போட்டு எந்தத் தெரு எதில் சேரும் என்று கோடு இழுப்பது. இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-இல் வந்தது. நிலப் பயன்பாட்டுக்கு நிறம் பூசுவதில் இருந்த அக்கறை இந்தக் கோடு இழுப்பதில் இல்லை, அதற்குள் மனை விற்பனை முந்திக்கொண்டது.

ஒரு லேஅவுட் எப்படிப் பிறக்கிறது

இதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். ஒரு புரமோட்டர் மூன்று ஏக்கர் சேர்க்கிறார் என்று வையுங்கள். நஞ்சை நிலம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நீளநீளமாகக் கிழிந்த நிலம். எஃப்.எம்.பி. என்கிற சர்வே அளவு வரைபடத்தில் பார்த்தால் ரிப்பன் ரிப்பனாக இருக்கும். ஒரு சர்வே எண்ணில் இரண்டு உட்பிரிவு கிடைக்கும், நடுவில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், கையெழுத்து வராது. கிடைத்த வடிவத்தில் நீளவாக்கில் ஒரு 24 அடி ரோடு, இரண்டு பக்கமும் மனைகள். ரோடு ஊராட்சிச் சாலையில் தொடங்கி, நிலம் முடிகிற இடத்தில் முடியும்.

அந்த முடிகிற இடத்தில்தான் கதையே இருக்கிறது. அதைத் திறந்து விட்டால் நாளைக்குப் பக்கத்து நிலத்தில் வரும் லேஅவுட் இதோடு சேரும், இரண்டும் ஊராகும். ஆனால் பக்கத்து நிலத்துக்காரருக்கு இலவசமாக வழி விடுவானேன் என்று புரமோட்டர் நினைக்கிறார். அங்கே ஒரு மனையைப் போட்டு அடைப்பார், இல்லை மதில் எழுப்புவார். விவரமானவர்கள் இன்னும் நாசூக்காக, ரோட்டின் கடைசியில் ஒரு அடி நிலத்தை மட்டும், ரோட்டை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கும் தானப்பத்திரத்தில் சேர்க்காமல் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். நாளைக்குப் பக்கத்து ஆள் வழி கேட்டு வந்தால் அந்த ஒரு அடிக்குத் தனி விலை. முழு ரோட்டையும் உள்ளாட்சிக்குத் தானம் கொடுத்தாயிற்று, ஆனால் கதவின் சாவி பாக்கெட்டில்.

பக்கவாட்டில் இணைப்பு விட என்ன செலவு ஆகும்? 24 அடி அகலம், மனையின் ஆழம் 60 அடி, மொத்தம் 1,440 சதுர அடி. அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). அடுத்த நூறு வருஷத்துக்கு அந்த வட்டாரமே இதனால் பிழைக்கும், ஆனால் நஷ்டம் முழுக்க இன்றைக்கு அந்த ஒரு புரமோட்டருக்கு. அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவர் இடத்தில் யார் இருந்தாலும் மனையைத்தான் போடுவார்கள். தேவைப்பட்டால் அடுத்த நிலத்துக்கு இணைப்புச் சாலை விடச் சொல்ல அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு இடம் உண்டு. ஆனால் எதோடு இணைக்க? அடுத்த நிலம் இன்றைக்கு வெறும் காடு, அதற்கு வரைபடத்தில் தெருவே இல்லை. கையில் கோடு இல்லாத அதிகாரி எந்தத் தைரியத்தில் கேட்பார்?

இது அப்ரூவல் வாங்கிய லேஅவுட்டின் கதை. வாங்காததன் கதை இன்னும் பெரிசு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும் மாநிலம் முழுக்கப் பத்திரப் பதிவு ஸ்தம்பித்தது நினைவிருக்கும். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம். மனை வாங்கிவிட்ட சாதாரண ஆட்களை வேறென்ன செய்யமுடியும், அந்த அளவில் நியாயம்தான். ஆனால் ஏற்கெனவே விற்றுப்போன இடத்தில் தெரு எப்படிக் கிடந்ததோ அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று, முட்டுச்சந்துக்கும் முத்திரை விழுந்தது.

அப்புறம் கேட்டட் கம்யூனிட்டி. லேஅவுட்டிலாவது உள்ளே இருக்கும் ரோடு தானப்பத்திரம் மூலம் பொதுச் சொத்தாகிறது. அடுக்குமாடித் தொகுப்பில் ஓ.எஸ்.ஆர். நிலம் (பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்குவது) கொடுப்பார்கள், உள்ளே ஓடும் பாதை தனியாருடையதாகவே இருக்கும். பத்து, இருபது ஏக்கருக்கு மதில் கட்டி ஒரே ஒரு கேட் வைத்தால், அது தெருப் பார்வையில் ஒரு மலை. சிறுசேரி, தாழம்பூர் பக்கம் இப்படி மலைக்குப் பக்கத்தில் மலை. பின் மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தொகுப்பின் பால்கனியில் காயும் துணியின் நிறம் வரைக்கும் தெரியும், அங்கே இருக்கும் நண்பன் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டுமென்றால் காரை எடுத்து ஓ.எம்.ஆருக்கு வந்து, யு-டர்ன் போட்டு, இன்னொரு செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதிப் போகவேண்டும்.

விளைவு

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் வழித்தடம் ஓ.எம்.ஆர். வழியாகத்தான் போகிறது. நடுவில் தகரத் தடுப்பு வைத்ததும் ஆறு வழி நாலாகி, இடத்துக்கு இடம் அதுவும் குறைந்தது. இதே இரண்டாம் கட்ட வேலை பனகல் பூங்காவிலும் நடந்தது. அங்கேயும் ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள், ஆனால் போக்குவரத்து போலீஸ் மாற்றுப்பாதை என்று ஒரு பலகை வைக்க முடிந்தது, ஏனென்றால் மாற்றுப்பாதை என்று ஒன்று இருந்தது. காரப்பாக்கத்தில் வண்டியை எங்கே திருப்பி விடுவது? கால்வாயிலா, சதுப்பிலா?

யு-டர்ன் விஷயத்தைப் பாருங்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வழியில்லாததால், திரும்புவதற்கென்றே யு வடிவ மேம்பாலங்கள் கட்டினார்கள், இந்திரா நகரில் 2023 இறுதியில் ஒன்று, அடுத்து டைடல் பார்க் அருகே ஒன்று. எங்கேயும் போகாமல், வந்த பக்கமே திரும்புவதற்கு மேம்பாலம் கட்டும் அளவுக்கு வந்துவிட்டோம். கட்டியதைக் குறை சொல்லவில்லை, இருக்கும் நிலைமையில் அது உதவுகிறது.

பஸ்ஸுக்கும் இதே கதி. 102, 570 எல்லாம் ஓ.எம்.ஆரிலேயே ஓடும், உள்ளே போக வழி இல்லை. உள்ளே போனால் அதே வழியில் திரும்ப வேண்டும், எந்தப் போக்குவரத்துக் கழகமும் அப்படி வண்டி விடாது. அதனால் உள்ளே ஒன்றரை கி.மீ. தள்ளி வீடு வாங்கியவர் ஸ்கூட்டர் வாங்குகிறார், ஸ்கூட்டரும் ஓ.எம்.ஆருக்கே வருகிறது. சொந்த வண்டி வாங்க வழியில்லாதவர்கள் பாடுதான் பெரும்பாடு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தது இந்த வட்டாரத்தில்தான். பெரும்பாக்கத்தில் மட்டும் சுமார் 20,000 வீடுகள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுக்குமாடிக்குப் போக மெயின் ரோடு சுற்றி வரவேண்டியிருக்கிறது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கத்து ஊர்கள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. வெளியேற ஒரே ரோடு இருக்கும் ஊரில் அந்த ரோடு மூழ்கினால் படகுதான்.

"தி.நகர் மட்டும் என்ன வாழுதாம்?"

இதைக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். தி.நகரும் திணறுகிறது, சரி. ஆனால் அது ஊரே துணியும் நகையும் எடுக்க வருவதால் வரும் திணறல். அங்கே குடியிருப்பவர் மளிகைக்கும் கோவிலுக்கும் பள்ளிக்கும் நடந்தே போவார். 2019 நவம்பரில் பாண்டி பஜாரை நடைபாதை வளாகமாக மாற்ற முடிந்ததும், சாலையில் வண்டிகளுக்கு இடத்தைக் குறைத்தால் அவை போகப் பக்கத்தில் வேறு தெருக்கள் இருந்ததால்தான். ஓ.எம்.ஆரில் ஒரு லேனைக் குறைத்து நடைபாதை போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு வாதம் பாதுகாப்பு. தெருவைத் திறந்து விட்டால் வெளி வண்டிகள் பறக்கும், பிள்ளைகள் விளையாட முடியாது. இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் திறப்பது காருக்காக இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? மதிலில் நாலு அடிக்கு ஒரு சின்ன கேட், நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும், பகலில் திறந்து இரவில் பூட்டினாலும் போதும். இதற்குப் பணம் வேண்டாம். அசோசியேஷன் கூட்டத்தில் பாதிப் பேர் கை தூக்கவேண்டும், அதுதான் மேம்பாலத்தை விடக் கஷ்டம்.

மூன்றாவது வாதத்துக்கு நான் முழுக்கத் தலைவணங்குகிறேன்: சதுப்பு நிலம். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது, ஒக்கியம் மடுவு வழியாகத் தென்சென்னையின் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. இணைப்பு வேண்டும் என்று அதன் குறுக்கே இன்னொரு ரோடு போடுவது பைத்தியக்காரத்தனம், ஏற்கெனவே ரேடியல் ரோடு அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. சோழிங்கநல்லூருக்கு வடக்கே மேற்குப் பக்கத்தை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். என் புகார் எல்லாம் சதுப்பும் ஏரியும் இல்லாத நிலத்தில், மனிதன் எழுப்பிய மதிலைப் பற்றி.

அகமதாபாத் என்ன செய்தது

அவர்களிடமும் ஒரே கை இல்லை, ஆயிரம் சொந்தக்காரர்கள்தான். 1915-இல் வந்த பம்பாய் நகரமைப்புச் சட்டத்தின் வழியே தொடங்கி, பிறகு குஜராத்தின் 1976 சட்டப்படி அவர்கள் செய்வது டவுன் பிளானிங் ஸ்கீம். நூறு ஹெக்டேர் போல ஒரு பகுதியில் எல்லோருடைய நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்ப்பார்கள், சாலைக்கும் பூங்காவுக்கும் பொதுத் தேவைக்கும் எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் கழிப்பார்கள், மிச்சத்தை ஒழுங்கான மனையாக அவரவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். நிலம் குறைகிறது, ஆனால் சாலை முகப்பு கிடைப்பதால் விலை ஏறுகிறது. ஊரைச் சுற்றிய 76 கி.மீ. சர்தார் படேல் ரிங் ரோட்டுக்கு நிலம் பெருமளவு இந்த வழியில்தான் கிடைத்தது. வருஷக்கணக்கில் இழுக்கும், ஆட்சேபணைக்கு மேல் ஆட்சேபணை வரும், அங்கேயும் கேட்டட் கம்யூனிட்டி உண்டு. ஆனால் ஒரு அடி நிலத்தை வைத்துக்கொண்டு ஊரை மடக்க முடியாது, ஏனென்றால் தெரு எங்கே போகும் என்பது மனை விற்கும் முன்பே முடிவாகிவிட்டது.

இனி

கட்டி முடித்த இடத்தில் பெரிதாக ஆசைப்பட முடியாது. ஓ.எஸ்.ஆர். நிலங்கள் வழியாக நடைபாதை இணைப்பு, வாய்க்கால் கரையோரம் சைக்கிள் பாதை, இரண்டு முட்டுச்சந்துக்கு நடுவே காலி மனை ஏதாவது இன்னும் விற்காமல் இருந்தால் அதை உள்ளாட்சி வாங்கித் திறந்து விடுவது. ஒரு மனையின் விலை ஒரு மேம்பாலத் தூணுக்குக் கூட ஆகாது, அந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்க்கலாம். எந்த இணைப்பாக இருந்தாலும் கீழே சிறுபாலம் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் புது ரோடே அணையாகி அடுத்த தெருவை முக்கும்.

காலியாக இருக்கும் இடம்தான் அவசரம். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யில் இருந்து 5,904 சதுர கி.மீ. ஆனது. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் மாம்பாக்கம், புதுப்பாக்கம் பக்கம் போனால் வயலுக்கு நடுவில் கலர் கொடி பறக்கும், கொடிக்குக் கீழே 24 அடி ரோடு, ரோட்டின் கடைசியில் புது மதில்.

அங்கே மனை பார்க்கப் போகிறவர்களுக்கு: மனையைப் பார்ப்பதற்கு முன்னால் ரோட்டின் கடைசிக்கு நடந்து போய்ப் பாருங்கள். லேஅவுட் வரைபடத்தில் ரோடு பக்கத்து சர்வே எண்ணின் எல்லைக் கோட்டைத் தொடுகிறதா, இல்லை நடுவில் மெல்லியதாக ஒரு பட்டை விட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். "அந்தப் பக்கமும் ரோடு வந்துடும் சார்" என்பார் சேல்ஸ் ஆள். தானப்பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், அதில் ரோட்டின் அளவு வரைபடத்தின் கடைசிக் கோடு வரை வருகிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு அடி குறைந்தால் அந்த ஒரு அடி யார் பெயரில் இருக்கிறது என்று பட்டாவிலும் வில்லங்கச் சான்றிதழிலும் தேடிப் பாருங்கள்.